கப்பலேறும் நாய்க்கு வியர்க்குமா?

வெயில் காலத்தில் நாயைக் கவனித்திருப்பீர்கள். நிழலில் படுத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு 'ஹஹ்... ஹஹ்...' என்று இரைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள், "பாவம், ஓடிக் களைத்துவிட்டது" என்பார்கள். ஆனால் பல நேரங்களில் அது ஓடியே இருக்காது. அப்படியானால் ஏன் இரைக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள்தாம் கோடைக்காலத்தில் ஒரு நாயைக் கப்பலில் பத்திரமாக அழைத்துச் செல்ல முடியும். 'நாயைக் கப்பலில் அழைத்துச் செல்வதா?' என்று நீங்கள் வியக்கலாம். கிரீஸ் நாட்டில் இது அன்றாட நிகழ்ச்சி. அந்த நாட்டில் மக்கள் வாழும் தீவுகளே இருநூறுக்கு மேல் உண்டு. ஏதென்ஸ் நகரை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஃபெரி கப்பல்கள் இந்தத் தீவுகளுக்குப் புறப்படுகின்றன. மனிதர்கள், கார்கள், லாரிகள் எல்லாம் ஒரே கப்பலில் ஏறுகின்றன. கோடை விடுமுறைக்குச் செல்லும் குடும்பத்தோடு வீட்டு நாயும் ஏறிக்கொள்கிறது.

அந்தக் கோடை சாதாரணக் கோடை அல்ல. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலெஃப்சினா என்ற ஊரில் 1977ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் 48 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பதிவாயிற்று. 2021இல் இத்தாலியின் சிசிலித் தீவில் 48.8 டிகிரி பதிவாகும் வரை ஐரோப்பாவில் அதுவே மிக அதிகமான வெப்பமாகக் கருதப்பட்டது. இத்தகைய வெயிலில், பிரேயஸிலிருந்து கிரீட் தீவின் இராக்லியோன் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பலில் ஒரு நாய் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 320 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் நாயின் உடலில் என்ன நடக்கும்?

வியர்க்காத பிராணி

நமக்கு உடல் முழுவதும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வெயிலில் நின்றால் வியர்க்கிறது. அந்த வியர்வை ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். பானையின் நுண்ணிய துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது, பானை குளிர்கிறது.

நாய்க்கு இந்த வசதி இல்லை. நம்முடையவை போன்ற வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பாதங்களின் அடியில் மட்டுமே இருக்கின்றன. நான்கு சிறிய பாதங்களில் கசியும் ஈரம் ஓர் உடலைக் குளிர்விக்கப் போதுமா? போதாது. ஆகவே நாய் தன் மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரமான பரப்பையே மண்பானையாகப் பயன்படுத்துகிறது. அந்தப் பரப்பின்மீது காற்றை வேகமாக ஓட்டி ஈரத்தை ஆவியாக்குகிறது. இதுதான் இரைத்தல். களைப்பு இதற்குக் காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடலைக் குளிர்விக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இரைப்பில் ஒரு தந்திரம்

ஓய்வாக இருக்கும் நாய் நிமிடத்துக்கு இருபது அல்லது முப்பது முறை மூச்சு விடும். இரைக்கத் தொடங்கினால் நிமிடத்துக்கு முந்நூறு முறைக்கு மேல்! இவ்வளவு வேகமாக நெஞ்சை அசைத்தால் தசைகள் வேலை செய்து மேலும் வெப்பம் உண்டாகாதா? நல்ல கேள்வி. கிராஃபோர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962இல் இதற்கு விடை கண்டார்.

ஊஞ்சல் ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறிய தள்ளலே போதும். நாயின் மார்புக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது விநாடிக்கு ஐந்து முறைக்குச் சற்று அதிகம். நாய் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் இரைக்கிறது. அதனால் குறைந்த உழைப்பில் நிறையக் காற்று ஓடுகிறது.

மூச்சு ஒவ்வொன்றும் ஆழமில்லாமல் இருப்பதையும் கவனியுங்கள். காற்று பெரும்பாலும் மேல் சுவாசப் பாதையிலேயே போய் வருகிறது. நுரையீரலின் ஆழத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடாமல் இது தடுக்கிறது.

டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் 1970இல் இன்னொரு செய்தியைக் கண்டறிந்தார்கள். இரைக்கும் நாய் காற்றை முக்கியமாக மூக்கின் வழியே உள்ளே இழுக்கிறது. வாய் வழியே வெளியே விடுகிறது. மூக்கு வழியாகவே திருப்பி விட்டால், காற்றில் ஏறிய ஈரமும் வெப்பமும் மூக்கின் குளிர்ந்த சுவர்களில் மறுபடியும் படிந்துவிடும். வாய் வழியே விட்டால் அவ்வளவும் வெளியே போய்விடும். எவ்வளவு காற்றை எந்த வழியாக விடுவது என்பதை மாற்றி மாற்றி, நாய் தன் குளிர்ச்சியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. மழைக்காலத்தில் துணி உலராதது போலத்தான். அப்போது நாய் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவு. கப்பல் பயணத்தின் ஆபத்து முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாயின் எடை 20 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே அதன் உடல் மணிக்குச் சுமார் 27 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்கும். அதாவது 30 வாட் மின்விளக்கு ஒன்று அதன் உள்ளே எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம்.

இந்த வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்றால் என்ன ஆகும்? 20 கிலோ நாயின் உடல் வெப்பம் 1 டிகிரி உயரச் சுமார் 17 கிலோகலோரி போதும். ஆகவே மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்று அதிகம், 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. 43ஐ நெருங்கினால் உடலின் உயிரணுக்களே சிதையத் தொடங்கும். இயல்பு நிலைக்கும் ஆபத்துக்கும் இடையே இரண்டு டிகிரிதான் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த இடைவெளி தீர்ந்துவிடலாம். பயந்து, குரைத்து, துள்ளிக்கொண்டிருக்கும் நாய்க்கு இன்னும் சீக்கிரம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அப்படியானால் மணிக்கு 27 கிலோகலோரியை வெளியேற்ற எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? 27,000ஐ 580ஆல் வகுத்தால் சுமார் 47 கிராம். கால் டம்ளர் நீர்கூட இல்லை! நாய்க்குக் குடிக்க நீரும், சுற்றிலும் ஓரளவு உலர்ந்த காற்றும் இருந்தால் போதும். அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். இவ்விரண்டும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதே அழைத்துச் செல்பவருடைய வேலை.

துறைமுக வரிசையில்

முதல் ஆபத்து கப்பலில் ஏறுவதற்கு முன்பே வருகிறது. கார்கள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கின்றன. நிழல் கிடையாது. "சீட்டு வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடலாம்" என்று நாயைக் காரில் விட்டுச் செல்கிறவர்கள் உண்டு.

சூரிய ஒளி கண்ணாடி வழியே உள்ளே நுழைகிறது. இருக்கைகள் அதை உறிஞ்சிச் சூடாகின்றன. சூடான காற்று வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூடிய கார் ஒன்றில் செய்த சோதனையின் முடிவுகளை 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே உயர்ந்துவிட்டது. வெளியே 34 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 50ஐத் தாண்டும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எனவே வரிசையில் நிற்கும்போது நாயோடு ஒருவர் இருக்க வேண்டும். நாயை வெளியே இறக்கி, கட்டடத்தின் நிழலில் நிறுத்துவது இன்னும் நல்லது.

வண்டித் தளம்

கப்பலின் அடிப்பகுதியில் கார்கள் நிறுத்தும் தளம் இருக்கிறது. 'அங்கே வெயிலே இல்லையே. நாய் காரிலேயே இருக்கட்டும்' என்று நினைக்கத் தோன்றும். வெயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான வண்டிகளின் சூடான எஞ்சின்கள் அங்கே இருக்கின்றன. சுற்றிலும் இரும்புச் சுவர். இவற்றுக்கு நடுவே மூடிய காரில் நாய்.

இங்கும் ஒரு கணக்குப் போடலாம். காரின் உள்ளே சுமார் 3 கன மீட்டர் காற்று இருக்கும். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக மொத்தம் 120 கிராம். கடலோரக் காற்றில் பாதி ஈரம் ஏற்கெனவே இருக்கிறது என்று கொண்டால், மிச்சம் 60 கிராமுக்குத்தான் இடம். நம் நாய் மணிக்கு 47 கிராம் நீராவியை வெளியே விடுகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த இடம் நிரம்பிவிடும்! இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று மாறக்கூடும். ஆனால் நாய் கிளர்ச்சியடைந்திருந்தால் அது விடும் நீராவியும் இரண்டு மூன்று மடங்காகும். வெயிலே படாத காரில் நாய் தன் மூச்சாலேயே தன் குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதுகாப்புக்காக வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். 'நாய் எப்படி இருக்கிறதோ' என்று நடுவில் போய்ப் பார்க்க முடியாது. ஒன்பது மணி நேரப் பயணத்தில் இது கூடவே கூடாத ஏற்பாடு.

இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேவுக்கும் இடையே உள்ள பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே பல நாய்கள் காரிலேயே இருந்து கடக்கின்றன. குளிர்ந்த நாளில் இதனால் தொல்லை இல்லை. ஆனால் இங்கிலாந்திலும் 2022 ஜூலை 19 அன்று வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. அத்தகைய நாள்களில் இரவுக் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது நாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள இடம் தரும் கப்பலைத் தேட வேண்டும். நாயைக் காரில் விட்டே தீர வேண்டுமென்றால், கண்ணாடிகளை நன்றாக இறக்கிவிட்டு, கவிழாத பாத்திரத்தில் நீர் வைத்து, கப்பல் ஊழியரிடம் தெரிவித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மேல் தளத்தில் நிழலும் காற்றும்

கிரீஸ் நாட்டுக் கப்பல்களில் நாய்க்குப் பொதுவாக மூன்று இடங்கள் உண்டு. நாயோடு தங்கக்கூடிய குளிர்சாதன அறை, கப்பலில் உள்ள நாய்க் கூண்டு, திறந்த மேல் தளம். அறை கிடைத்தால் கவலையே இல்லை. ஆனால் அத்தகைய அறைகள் சிலவே; முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூண்டு என்றால் முதலில் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். காற்று குறுக்கே ஓடுகிறதா, புகைபோக்கிக்கும் எஞ்சின் அறைக் காற்றுவழிக்கும் அருகில் இருக்கிறதா, வெயில் விழுமா என்று பார்த்த பிறகே நாயை விட வேண்டும்.

மேல் தளத்தில் எந்தப் பக்கம் உட்காருவது? இது உங்களுக்கு ஒரு புதிர். கப்பல் பிரேயஸிலிருந்து தெற்கு-தென்கிழக்காகச் செல்கிறது. காலையில் புறப்படும் கப்பலில் வெயில் எந்தப் பக்கம் விழும்? சூரியன் கிழக்கில், அதாவது, கப்பலின் முன்புறம் பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கம். ஆகவே காலையில் வலப்பக்கம் நிழல். பிற்பகலில் சூரியன் மேற்கே போய்விடும், இடப்பக்கம் நிழலாகும். காலையில் பிடித்த இடத்திலேயே நாயைக் கட்டிவிட்டுத் தூங்கிவிடக் கூடாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

காற்றைப் பற்றியும் ஒரு புதிர். கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்ட்டெமி' என்ற உலர்ந்த காற்று வீசும். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் தெற்கே போகிறது. காற்றும் வடக்கிலிருந்து அதே வேகத்தில் வீசுகிறது. தளத்தில் இருக்கும் நாய்க்கு எவ்வளவு காற்று கிடைக்கும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை! கப்பலும் காற்றும் சேர்ந்தே ஓடுகின்றன. கடலில் அலை எழும்பக் காற்று வீசினாலும் தளத்தில் புழுக்கமாக இருக்கும். திரும்பி வடக்கே வரும்போதோ காற்று எதிரே மோதும். 40 கடல் மைல் வேகம். அப்போது நாயைக் காற்றிலிருந்தே மறைக்க வேண்டிவரும். சார்பு வேகம் என்று வகுப்பில் படிக்கிறீர்களே, அது இதுதான்.

வெயிலில் காய்ந்த இரும்புத் தளம் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். மரப்பலகையைவிட இரும்பு சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதே காரணம். நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு இல்லை. புறங்கையைத் தளத்தில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. கனமான பாய் ஒன்றை விரித்துக்கொடுப்பது நல்லது.

எல்லா நாய்களும் ஒன்றல்ல

புல்டாக், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மூக்கு குட்டையாக இருப்பதால் ஆவியாகும் பரப்பும் குறைவு. மூச்சு போகும் வழியும் குறுகல். இங்கிலாந்தின் ராயல் கால்நடைக் கல்லூரியின் விஞ்ஞானிகள் பங்கேற்று, 2016ஆம் ஆண்டில் சிகிச்சை பெற்ற ஒன்பது லட்சம் நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை இதை உறுதி செய்தது. லாப்ரடார் நாயைவிட புல்டாக் நாய்க்கு வெப்பத் தாக்கு ஏற்படும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு. வெப்பத் தாக்குக்கு ஆளான நாய்களில் ஏழில் ஒன்று இறந்துபோனது. கிழட்டு நாய்களும் பருத்த நாய்களும் கூடுதல் கவனத்துக்கு உரியவை. இத்தகைய நாய்களைப் பகல் வெயிலில் அழைத்துச் செல்லாமல் இரவுக் கப்பலில் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

பல கப்பல்களில் நாய்க்கு வாய்க்கூடு போட வேண்டும் என்பது விதி. வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்க்கூட்டைப் போட்டால் நாய் எப்படி இரைக்கும்? கூடை போன்ற வாய்க்கூடுதான் சரி. அதற்குள் நாய் வாயைத் திறக்கலாம், நீரும் குடிக்கலாம். 'அமைதியாக இருக்கட்டும்' என்று மயக்க மருந்து கொடுப்பதும் தவறு. வெப்பத்தைச் சமாளிக்கும் உடலின் திறனை அது மங்கச் செய்யலாம். ஆடும் கப்பலில் கால் ஊன்றி நிற்கவும் முடியாது. கடல் ஆட்டத்தில் சில நாய்கள் வாந்தி எடுக்கும். ஆகையால் வயிறு நிறைய உணவு கொடுத்துவிட்டு உடனே கப்பலேற்றாமல், சில மணி நேரம் முன்னதாகவே சிறிதளவு கொடுக்க வேண்டும். நீரை மட்டும் நிறுத்தக் கூடாது.

ஆபத்து வந்துவிட்டால்

இரைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போகும். எச்சில் கோழையாக ஒழுகும். ஈறுகள் மிகவும் சிவந்துவிடும். பிறகு நாய் தள்ளாடும், வாந்தி எடுக்கும், விழும். இவை வெப்பத் தாக்கின் அடையாளங்கள். நடுக்கடலில் கால்நடை மருத்துவர் எங்கே கிடைப்பார்? கரைக்கு இன்னும் பல மணி நேரம். ஆகவே முதல் உதவியே பெரிய உதவி.

உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரையும் உடல் முழுவதும் தாராளமாக ஊற்றலாம். ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும், ஆவியாதல் வேகமாகும். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவிடுவது பழைய வழக்கம். ஆனால் துண்டு சீக்கிரம் சூடாகிவிடும். அதன் அடியில் வெப்பமும் ஈரமும் அடைபடும். ஆகவே போர்த்த வேண்டாம். நினைவோடு இருந்தால் நீரைப் பாத்திரத்தில் வைத்துக் குடிக்க விடலாம். வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். நாய் தேறிவிட்டாலும் கரை சேர்ந்ததும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளுறுப்புகளின் பாதிப்பு வெளியே தெரியாமல் இருக்கலாம். 'முதலில் குளிர்வி, பிறகு கொண்டு செல்' என்பதே கால்நடை மருத்துவர்கள் சொல்லும் விதி.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டின் குமிழ்களிலும் ஈரத் துணியைச் சுற்றுங்கள். ஒன்றைக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். மற்றதை, அடியில் சிறிது நீர் ஊற்றிய அகன்ற வாய்ப் புட்டியில் தொங்கவிட்டு மூடிவிடுங்கள். புட்டியையும் அதே நிழலில் வையுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். காற்றில் தொங்கும் வெப்பமானி பல டிகிரி இறங்கியிருக்கும். புட்டிக்குள் இருப்பது அதிகம் இறங்கியிருக்காது. முதலாவது, நிழலில் காற்று வாங்கும் நாயின் நாக்கு. இரண்டாவது, மூடிய காரில் இருக்கும் நாயின் நாக்கு. மழை நாளில் ஒரு முறையும் வெயில் நாளில் ஒரு முறையும் செய்து, இரண்டு நாள் அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கப்பலேறும் நாய் எதிரே இருக்கும் தண்ணீரைக் கேட்டு வாங்க முடியாது; காரின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவும் முடியாது. தன்னால் இயன்றதை, அதாவது இரைப்பதை, அது விடாமல் செய்துகொண்டிருக்கும். அதற்கு வேண்டிய நிழலையும் நீரையும் ஓடும் காற்றையும் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அடுத்த முறை ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைக் கண்டால், அதன் அருகே ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வையுங்கள். அதன் மண்பானைக்கு நீங்கள் நீர் ஊற்றியவர்கள் ஆவீர்கள்.